காசிக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு: டிக்கெட் எடுப்பது முதல் ஊர் திரும்புவது வரை

காசிக்குப் போய்விட்டு வந்த இரண்டு பேரிடம் விசாரித்துப் பாருங்கள். ஒருவர் "கூட்டம், அழுக்கு, எல்லாரும் காசு பிடுங்குகிறார்கள், இனி அந்தப் பக்கமே வேண்டாம்" என்பார். இன்னொருவர் அடுத்த தடவைக்கு நாள் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கே தங்கினீர்கள், காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று இருவரிடமும் கேட்டால் காரணம் பெரும்பாலும் புரிந்துவிடும். அதனால் கோயில் பட்டியலை அப்புறம் பார்ப்போம். முதலில் மாதம், ரயில், அறை.

எந்த மாதம்

அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் பாதி வரை நல்ல காலம் என்று எல்லாரும் சொல்வார்கள். அதில் டிசம்பர் கடைசியையும் ஜனவரியையும் கழித்துவிடுங்கள். அந்த நாட்களில் பனிமூட்டம் கங்கையை அப்படியே மூடிவிடும். விடியற்காலைப் படகில் உட்கார்ந்தால் பக்கத்துப் படகுகூடத் தெரியாது. ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். குளிரும் நம் ஊர் மார்கழிக் குளிர் கிடையாது. ஸ்வெட்டர், குல்லா, காலுறை எல்லாம் வேண்டும்.

மே, ஜூன் மாதங்களில் வெயில் 45 டிகிரியைத் தொடும். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல் தரையில் நிற்க வேண்டிய ஊர் இது என்பதை நினைவில் வையுங்கள். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை கங்கை ஏறும். படித்துறைகள் மூழ்கிவிடும், படகுகளை நிறுத்திவிடுவார்கள், மாலை ஆரத்தியைக்கூட மேல்படிக்கோ மொட்டைமாடிக்கோ மாற்றிவிடுவார்கள். அந்தச் சமயத்தில்தான் வடக்கத்தியர் சிவனுக்கு உகந்ததாகக் கொண்டாடும் சாவன் மாதமும் வருகிறது. அதன் திங்கட்கிழமைகளில் விசுவநாதர் கோயில் பக்கம் முதியவர்களை அழைத்துப் போகவே வேண்டாம்.

தீபாவளி கழிந்து பதினைந்தாம் நாள், கார்த்திகைப் பௌர்ணமியன்று, தேவ தீபாவளி. எல்லாப் படித்துறைகளிலும் விளக்கேற்றுவார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் அறை வாடகையும் படகு வாடகையும் அன்று எங்கேயோ போய் நிற்கும். தை, மாசியில் பிரயாகையில் மாக மேளா நடக்கும்போது அங்கே வந்த கூட்டத்தில் பெரும்பகுதி காசிக்கும் வந்துவிடும். முதல் தடவை போகிறவருக்கு என்னைக் கேட்டால், தேவ தீபாவளி முடிந்த நவம்பர் அல்லது மகாசிவராத்திரி முடிந்த மார்ச் தொடக்கம். மூன்று இரவுகள் தங்குங்கள். ஒரே இரவில் காசியைப் பார்த்து முடிக்கும் பேக்கேஜ்களில் போனால் வரிசையை மட்டுமே பார்த்துவிட்டு வருவீர்கள்.

ரயிலும் ஸ்டேஷன் குழப்பமும்

சென்னையிலிருந்து கங்கா காவேரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து 2023 டிசம்பரில் தொடங்கிய காசி தமிழ் சங்கமம் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ராமேசுவரத்திலிருந்தும் ஒரு ரயில் உண்டு. மூன்றும் தினமும் ஓடுபவை அல்ல, அதனால் கிழமையைப் பார்த்துத்தான் பயணத்தையே திட்டமிட வேண்டும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. திறந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

இந்த ஊருக்கு ஒரு ஸ்டேஷன் இல்லை, பல. டிக்கெட்டில் 'வாரணாசி' என்றால் அது கண்டோன்மென்ட் ஸ்டேஷன். ஆட்டோக்காரர்கள் 'கேன்ட்' என்பார்கள். 'பனாரஸ்' என்றால் முன்பு மண்டுவாடி என்று இருந்த ஸ்டேஷன். ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் 'காசி' என்றே ஒரு சின்ன ஸ்டேஷனும் இருக்கிறது. பெயரைப் பார்த்து அங்கே இறங்கிவிடாதீர்கள். நேரடி ரயில் கிடைக்காதவர்கள் பழைய முகல்சராய், இப்போதைய பண்டித தீனதயாள் உபாத்யாயா ஜங்ஷன் வரை எடுத்துப் பார்க்கலாம். நிறைய ரயில்கள் நிற்கும் பெரிய ஜங்ஷன் அது. அங்கிருந்து ஆற்றைக் கடந்து காசிக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். விமானத்தில் வருகிறவர்கள் இறங்குவது ஊருக்கு வெளியே 25 கிலோமீட்டர் தள்ளியுள்ள பாபத்பூரில்.

எங்கே தங்குவது

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

காசியில் கங்கை தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. படித்துறைகள் எல்லாம் மேற்குக் கரையில். அவற்றை அங்கே காட் என்பார்கள். 84 என்று கணக்குச் சொல்வார்கள். எதிர்க்கரை வெறும் மணல், அதற்குப் பின்னாலிருந்துதான் சூரியன் எழும். தெற்குக் கோடியில் அஸி காட், நடுவில் தசாசுவமேதம், அதையடுத்து மணிகர்ணிகை, வடக்குக் கோடியில் வருணை நதி சேரும் ஆதிகேசவம். இந்த ஒரு கோடு மனதில் பதிந்துவிட்டால் சந்துகளில் எவ்வளவு தொலைந்தாலும் கவலையில்லை. யாரிடமாவது "கங்கா ஜி?" என்று கேட்டு ஆற்றுக்கு வந்துவிட்டால் வழி தெரிந்துவிடும்.

ஸ்டேஷனைச் சுற்றியுள்ள ஹோட்டல்கள் வசதியாக இருக்கும், காரும் வாசல் வரை வரும். ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அங்கிருந்து ஆற்றுக்குப் போக உங்களுக்கு மனசு வராது. கோதோலியா, தசாசுவமேதப் பகுதி விசுவநாதருக்கு நடந்தே போகும் தூரம். நகரத்தார் சத்திரம் இந்தப் பக்கம்தான், நம்மவர் பலரும் தலைமுறை தலைமுறையாகத் தங்கும் இடம். போவதற்கு முன் தொடர்புகொண்டு அறை இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரைச்சல்தான் இந்தப் பகுதியின் குறை.

முதல் தடவை போகிற தமிழ்க் குடும்பத்துக்கு நான் சொல்வது கேதார் காட்டிலிருந்து ஹனுமான் காட் வரையுள்ள பகுதி. கேதார் காட்டில் குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் நிறுவிய மடம் இருக்கிறது. கேதாரேசுவரர் கோயில் அந்த மடத்தின் பொறுப்பில்தான் உள்ளது. ஹனுமான் காட்டில் காஞ்சி மடத்தின் காமகோடீசுவரர் கோயில், தமிழ் வாத்தியார் வீடுகள், சாம்பார் சாதம் கிடைக்கும் மெஸ்கள். தந்தை மறைந்தபின் 1898இல் காசிக்கு வந்த பாரதி, அத்தை குப்பம்மாள் வீட்டில் தங்கியதும் இங்கேதான்; அந்த வீட்டின் ஓர் அறை இப்போது அவர் நினைவிடம். தெருவில் நாலடி நடப்பதற்குள் தமிழ்க் குரல் கேட்கும். ஆற்றோரமாகவே நடந்தால் தசாசுவமேதத்துக்குக் கேதாரிலிருந்து கால் மணி நேரம். பக்கத்திலேயே அரிச்சந்திர காட் என்ற சுடுகாடு இருக்கிறது, புகை வரும். அதைச் சகிக்க முடியாதவர்கள் அஸி பக்கம் போய்விடுவது நல்லது.

அறை பிடிக்கும்போது இரண்டு கேள்வி. "ஆட்டோ எதுவரை வரும், அதற்கப்புறம் எவ்வளவு தூரம் நடக்கணும்?" அடுத்தது, "லிப்ட் இருக்கா, எத்தனை மாடி?" ஆற்றைப் பார்த்த பழைய கட்டடங்களின் படிகள் செங்குத்தானவை. மூட்டுவலிக்காரர்களுக்கு கங்கை தெரியும் நான்காவது மாடி அறையைவிடச் சந்துக்குள் இருக்கும் தரைத்தள அறைதான் உத்தமம்.

கொண்டுபோவதைக் குறையுங்கள். சக்கரம் வைத்த பெரிய பெட்டி காசிச் சந்தில் பாதி நேரம் தலையில்தான் இருக்கும். கீழே சாணி, எதிரே மாடு, பின்னால் ஹாரன் அடிக்கும் பைக். முதுகில் மாட்டும் பை போதும். எளிதில் கழற்றி மாட்டும் செருப்பு, அசல் ஆதார் அட்டை, பத்து இருபது ரூபாய்ச் சில்லறை ஒரு கட்டு. யுபிஐ எல்லாக் கடையிலும் ஓடுகிறது, ஆனால் படகுக்காரரிடமும் பூக்காரம்மாவிடமும் சில்லறைதான் சண்டையைத் தவிர்க்கும்.

முதல் மாலை

போய் இறங்கியதும் தரிசன வரிசைக்கு ஓட வேண்டாம். குளித்துவிட்டு ஆற்றோரமாக நடங்கள். இருட்டியதும் தசாசுவமேத காட்டில் ஆரத்தி. கோடையில் ஏழு மணி வாக்கில், குளிர்காலத்தில் ஆறு மணி வாக்கில் தொடங்கி முக்கால் மணி நேரம் நடக்கும். ஒரு மணி நேரம் முன்னால் போனால் படியில் இடம் கிடைக்கும். ஆரத்தி எடுப்பவர்கள் ஆற்றைப் பார்த்து நிற்பார்கள், அதனால் அவர்கள் முகம் தெரிய வேண்டுமென்றால் படகில் இருந்துதான் பார்க்கணும். மணியோசையும் சாம்பிராணிப் புகையும் பக்கத்தில் வேண்டுமென்றால் படிதான். முடிந்தவுடன் எல்லாரும் ஒரே சமயத்தில் கோதோலியா பக்கம் திரும்புவார்கள். பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டு ஆற்றோரமாகவே அறைக்கு வந்துவிடுங்கள்.

இரண்டாம் நாள் விடியலில் விசுவநாதர்

போனை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கோயிலுக்குள் மொபைல், ஸ்மார்ட் வாட்ச், பை எதற்கும் அனுமதி கிடையாது. கையில் போன் இருந்தால் என்ன நடக்கும் என்றால், வாயில் பக்கத்துச் சந்தில் ஒருவர் "லாக்கர், லாக்கர் ஃப்ரீ" என்று அழைப்பார். உண்மையில் லாக்கர் இலவசம்தான். அவர் கடை பூஜைத் தட்டை வாங்கினால். தட்டில் பேடா, வில்வம், சின்னச் சொம்பில் பால், மேலே ஒரு துணி. விலை தட்டு கைக்கு வந்தபின்தான் தெரியும். அப்புறம் அவரே ஒருவரைக் கூட அனுப்புவார், சீக்கிரம் தரிசனம் செய்து வைக்கிறேன் என்று. இது எதுவும் தேவையில்லை. சீக்கிர தரிசனம் வேண்டுமென்றால் கோயில் நிர்வாகமே 'சுகம் தரிசன்' என்று டிக்கெட் தருகிறது. அவர்களுடைய இணையதளத்திலேயே எடுக்கலாம், மங்கள ஆரத்திக்கும் அதே இடம்தான். மங்கள ஆரத்தி மூன்றிலிருந்து நாலு மணிக்குள் முடிந்துவிடும், அதை அடுத்துப் பொதுத் தரிசனம் தொடங்கும். நாலரைக்குள் வரிசையில் நின்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

2021 டிசம்பர் 13 அன்று திறந்த புதிய வளாகம் கோயிலையும் ஆற்றையும் நேராக இணைக்கிறது. பழைய சந்துகள் வழியாகப் போக விருப்பமில்லாதவர்கள் லலிதா காட் படியேறி கங்கை வாயில் வழியாக நுழையலாம். படி நிறைய. அகலியாபாய் ஹோல்கர் 1780இல் கட்டிய கோயில் இது. விமானத்துப் பொன், மகாராஜா ரஞ்சித் சிங் கொடுத்தது. சிதம்பரம், மதுரை என்று பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கோயில் சின்னதாகத்தான் தெரியும். லிங்கமும் சின்னது. தரையில் வெள்ளி பதித்த சதுரக் குழிக்குள் இருக்கும், பூவும் வில்வமும் மூடியிருந்தால் கண்ணுக்கே படாமல் போகலாம். ஆகவே வாசலில் நின்று எட்டிப் பார்க்கும்போது நேரே பார்க்காமல் தரையைப் பாருங்கள். தள்ளிவிடுவதற்குள் உங்களுக்குக் கிடைப்பது சில விநாடிகள். கூட்ட நேரத்தில் உள்ளே விட மாட்டார்கள், நீங்கள் வெளியே ஊற்றும் பாலும் நீரும் ஒரு குழாய் போன்ற அமைப்பு வழியாக லிங்கத்துக்குப் போய்ச் சேரும்.

கோதோலியா பக்கத்தில் தங்கியிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதர் பூஜைக்குப் பாலும் பூவும் மற்ற சாமான்களும் தினமும் கொண்டுபோகிறார்கள். அதற்குச் 'சம்போ' என்றே பெயர். பாத்திரங்களை ஏந்தியபடி "சம்போ சம்போ" என்று குரல் கொடுத்துக்கொண்டு அந்த நெரிசலுக்குள் நடப்பார்கள். கடைக்காரர்களும் போலீஸ்காரர்களும் தாமாகவே ஒதுங்கி வழிவிடுவார்கள்.

விசுவநாதரை முடித்தபின் அன்னபூரணி பக்கத்திலேயே. பொன் அன்னபூரணியைத் தீபாவளியை ஒட்டிய சில நாட்கள் மட்டும்தான் பார்க்க முடியும். அங்கே நடக்கும் அன்னதானத்தில் தாராளமாக உட்காரலாம். விசாலாட்சி கோயில் மீர் காட் பக்கத்துச் சந்தில், நகரத்தார் திருப்பணி. நம் ஊர்க் கோபுரத்தை அங்கே பார்க்கும்போதே ஒரு தெம்பு வரும். வாராகி கோயில் திறந்திருப்பது அதிகாலையில் கொஞ்ச நேரம் மட்டுமே, தரையிலுள்ள துவாரம் வழியாகக் கீழே பார்த்துக் கும்பிட வேண்டும். வாராகி முக்கியம் என்பவர்கள் அந்தக் காலையை அதற்கென்றே ஒதுக்குங்கள். விசுவநாதர் வரிசையையும் அதையும் ஒரே காலையில் சேர்ப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. காசியின் காவலரான காலபைரவர் கோயில் கொஞ்சம் வடக்கே தள்ளி. ஞாயிறும் செவ்வாயும் அங்கே கூட்டம் அதிகம். காசிக் கயிறு வாங்குவது இங்கேதான். முதுகில் மயிலிறகால் தட்டி ஆசீர்வதித்துவிட்டுத் தட்சிணை கேட்பார்கள். கொடுக்க நினைப்பதை முன்பே கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பர்ஸைத் திறக்காதீர்கள்.

கேதாரேசுவரருக்கு மாலையில் போகலாம். லிங்கத்தின் நடுவே கோடு ஓடி இரண்டாகப் பிரிந்தாற்போல் இருக்கும். பூஜை முறை நம்முடையது, அவசரப்படுத்த ஆளில்லை. காசியில் எனக்குப் பிடித்த கோயில் எது என்றால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

படகும் மணிகர்ணிகையும்

மூன்றாம் நாள் விடியலைப் படகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். துடுப்புப் படகா மோட்டார் படகா என்றால் துடுப்புதான், மோட்டார் சத்தத்தில் படித்துறையின் ஓசை எதுவும் கேட்காது. அஸியில் ஏறி மணிகர்ணிகை வரை போனால் முக்கியமான எல்லாம் வந்துவிடும். பேரம் பேசும்போது தொகையை மட்டும் பேசாதீர்கள். ஆளுக்கா முழுப் படகுக்கா, போக மட்டுமா திரும்பவுமா, எந்தக் காட் முதல் எந்தக் காட் வரை என்று மூன்றையும் பேசி முடித்த பிறகு ஏறுங்கள். இறங்கும்போது வரும் தகராறெல்லாம் இந்த மூன்றில் ஒன்றைப் பேசாமல் விட்டதால்தான். உயிர்காப்பு ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். குளிக்கிறவர்கள் சங்கிலி கட்டிய படித்துறையில் குளியுங்கள். தண்ணீருக்குள் இருக்கும் படிகளில் பாசி வழுக்கும், நாலு படிக்கு அப்புறம் ஆழம் சட்டென்று இறங்கிவிடும்.

மணிகர்ணிகையில் பகலும் இரவும் சிதை எரிகிறது. படகிலிருந்து பார்த்தாலும் சரி, கரையில் நின்றாலும் சரி, போட்டோ எடுக்கக் கூடாது. அங்கே இருக்கிறவர்கள் அப்பா அம்மாவை எரிக்க வந்தவர்கள். கரையில் நின்றால் யாராவது ஒருவர் நல்ல ஆங்கிலத்தில் விளக்கம் சொல்ல ஆரம்பிப்பார், பிறகு மேலே ஒரு கட்டடத்தைக் காட்டி, சாகக் காத்திருக்கும் ஏழைகளுக்கு விறகு வாங்கப் பணம் கொடுங்கள், இத்தனை கிலோ என்பார். அந்தப் பணம் விறகுக்குப் போவதில்லை. கைகூப்பிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இந்தி தெரியாதவர்கள் இரண்டு சொல் கற்றுக்கொண்டால் போதும். "பையா, கித்னா?" என்றால் அண்ணே எவ்வளவு. "நஹி சாஹியே" என்றால் வேண்டாம். இரண்டாவதைச் சொல்லும்போது நடையை நிறுத்தாதீர்கள்.

பித்ரு காரியம் செய்கிறவர்கள்

படித்துறையில் குடை போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் போய்ச் சட்டென்று உட்கார்ந்துவிட வேண்டாம். சங்கல்பத்தின் நடுவில், கையில் தர்ப்பையும் நீரும் இருக்கும்போது, "ஐயாயிரத்து ஒன்று என்று சொல்லுங்கள்" என்பார்கள். அந்த நிலையில் மறுப்பது யாருக்கும் சங்கடம். ஹனுமான் காட், கேதார் காட் பக்கம் தமிழ் பேசும் வாத்தியார்கள் இருக்கிறார்கள். ஊரிலிருந்தே பேசி, என்ன காரியம், சாமான், தட்சிணை, படகு, சாப்பாடு எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று தெரிந்துகொண்டு வாருங்கள். அஸி, தசாசுவமேதம், மணிகர்ணிகை, பஞ்சகங்கை, ஆதிகேசவம் என்று ஐந்து இடங்களிலும் படகில் போய்ச் செய்யும் பஞ்ச தீர்த்த சிராத்தத்துக்கு அரை நாளுக்கு மேல் ஆகும்.

முறைப்படி செய்கிறவர்கள் ராமேசுவரத்தில் மணல் எடுத்து, பிரயாகையில் திரிவேணியில் கரைத்து, காசி, கயா முடித்து, கங்கை நீரோடு ராமேசுவரம் திரும்புவார்கள். பிரயாகை காசியிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர், கயா ஏறத்தாழ 250. தம்பதியாகப் போனால் பிரயாகையில் வேணி தானம் உண்டு: கணவர் மனைவிக்குப் பின்னல் போட்டு, அதன் நுனியைக் கத்தரித்து ஆற்றில் விடுவார். கயாவில் ஒரு காய், ஒரு பழம், ஓர் இலையை விட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். எதை விடுவது என்று வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொண்டு போங்கள். அங்கே போய் யோசித்தால் பின்னால் நிற்பவர் அவசரப்படுத்துவார். பிரயாகை, காசி, கயா மூன்றும் சேர்ந்தால் மொத்தம் ஒரு வாரம் வேண்டும்.

சாப்பாடும் மிச்ச நேரமும்

காலையில் கச்சோரியும் உருளைக்கிழங்கு சப்ஜியும், கூடவே ஜிலேபி. மண் குவளையில் லஸ்ஸி. குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் மலையோ என்ற பால் நுரை இனிப்பை விடாதீர்கள். வெயில் ஏறுவதற்குள் தீர்ந்துவிடும். தண்டாய் என்ற மசாலாப் பால் குடிக்கும்போது "பினா பாங்", அதாவது பாங் என்ற கஞ்சா இலை விழுது வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பாங் கலந்ததைக் குடித்துவிட்டு மறுநாள் மதியம் எழுந்தவர்கள் உண்டு. தண்ணீர் பாட்டிலில்.

மிச்சமிருக்கும் அரை நாளைச் சாரநாத்துக்குக் கொடுக்கலாம், பத்து கிலோமீட்டர்தான். புத்தர் முதல் உபதேசம் செய்த இடம். 43 மீட்டர் உயரத் தாமேக் ஸ்தூபி, நம் ரூபாய் நோட்டில் இருக்கும் நான்கு சிங்கத் தலையின் மூலச் சிற்பம். சிற்பம் இருக்கும் மியூசியம் வெள்ளிக்கிழமை திறக்காது. திரும்பும் வழியில் ஆட்டோக்காரர் "நெசவு பார்க்கலாம் வாங்க" என்று பட்டுக் கடைக்கு அழைத்துப் போவார். அந்தக் கடையின் விலையில் அவருடைய பங்கும் சேர்ந்திருக்கும். பனாரஸ் பட்டு வாங்கத்தான் வேண்டும் என்றால் ஆட்டோ இல்லாமல் நீங்களாக நடந்துபோய், கைத்தறி முத்திரை பார்த்து வாங்குங்கள்.

கிளம்பும் நாள்

கங்கை நீர்ச் சொம்பு ஈயம் வைத்து மூடியிருந்தாலும் விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள். செக்-இன் பெட்டியில் துணிக்கு நடுவில் வையுங்கள். ரயிலில் வருகிறவர்கள் அறையைக் காலி செய்வதற்கு முன் ரயில் எங்கே வருகிறது என்று போனில் பார்த்துவிடுங்கள். குளிர்காலத்தில் நாலு மணி நேரத் தாமதத்தைப் பிளாட்பாரத்தில் கழிப்பதைவிட அறைக்கு அரை நாள் வாடகை கொடுப்பது மேல். டிக்கெட்டில் கேன்ட்டா பனாரஸா என்பதை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டு ஆட்டோ ஏறுங்கள். மாலை வேளையில் கோதோலியா நெரிசலைத் தாண்டவே முக்கால் மணி நேரம் ஆகும்.